சிறுமையும் விறைப்பும்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம்மவர் பழமொழி. சிறுக்குந்தோறும் காரம் மிகுமோ? பொருள்களின் மீள்தன்மையை ஆராயும் அறிஞர் இவ்வினாவையே எழுப்பியுள்ளனர்.

கம்பியின் நீட்சி அதன்மேல் ஏற்றிய சுமைக்கு ஏற்ப அமையும் என்னும் விதியை 1678-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் விளக்கி வெளியிட்டார். அதன்வழி எழுந்த பழங்கொள்கையில், ஒரு பொருளின் விறைப்பெண் அதன் பருமனைச் சார்ந்ததன்று. இரும்புத் தூணுக்கும் இரும்பூசிக்கும் அஃது ஒன்றே. பாலங்களும் மாடங்களும் இக்கணக்கால் எழுந்தன. அதனை இகழ்வார் இலர். ஆயின், எபாக்சி என்னும் பிசினால் ஆய நுண்சட்டங்களை வளைத்து லாம் முதலியோர் 2003-இல் வெளியிட்ட சோதனை வேறொன்று கூறிற்று. சட்டத்தின் தடிப்பு 115 மைக்ரோமீட்டரினின்று 20 மைக்ரோமீட்டராகக் குறைய, வடிவத்தால் வரும் வேறுபாட்டை நீக்கிக் கண்ட விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காயிற்று. பழங்கணக்கையே நம்பியவன், அச்சட்டம் உள்ளபடி வளைவதினும் இருமடங்குக்கு மேல் வளையுமென எண்ணி ஏமாறுவான்.

இதன் காரணம் யாது? வளையும் சட்டத்தின் ஒரு புறம் நீளும்; மறு புறம் சுருங்கும். சட்டம் மெலிய மெலிய, அம்மாற்றம் மிகக் குறுகிய இடைவெளிக்குள் நிகழவேண்டும். பழங்கொள்கை அவ்வவ்விடத்துத் திரிபை மட்டும் நோக்கும்; புதுக்கொள்கை அத்திரிபு இடந்தோறும் மாறும் விரைவையும் நோக்கும். துகள்களின் சுழற்சியைக் கணக்கிற் சேர்க்கும் வழியைக் கொசெரா சகோதரர் 1909-இலேயே காட்டினர். 2002-இல் யாங் முதலியோர், பொருளுக்கு உரியதாகிய நீள அளவொன்றை மட்டும் சேர்த்து அதனை எளிமையாக்கினர். எபாக்சிக்கு அவ்வளவு ஏறத்தாழ 17.6 மைக்ரோமீட்டர் எனப் பின்னர்ப் பிறர் கணித்தனர்.

ஈண்டு எமது கருத்தை உரைப்போம். ஒரு சோதனைக்குப் பொருந்துமாறு ஓர் எண்ணைத் தெரிந்து, பின்னர் அவ்வெண்ணே அச்சோதனையை விளக்கிற்று என்பது முறையாகாது. தன் உரைக்கு இசையப் பாடத்தைத் திருத்தும் உரைகாரனை இலக்கிய மாணாக்கராகிய நாம் ஒப்புவதுண்டோ? எபாக்சிக்குக் கண்ட எண்ணைப் பிற பொருள்களுக்கும் ஏற்றிக் கணக்கிடுதல் அதனினும் பிழை. மேலும், 1983-இல் எரிங்கன் உரைத்த மற்றொரு கொள்கையோ, சிறுமையால் விறைப்பு குறைதலையே பெரும்பாலும் காட்டுகின்றது. இரண்டும் ஒரு பொருளுக்கு ஒருங்கே உண்மையாதல் அரிது.

வேலைக்கு உதவும் எண் எதுவாயினும் அமையும் என்பாரும் உளர். சோதித்த அளவிற்குள் அஃது அமையும். அவ்வளவைக் கடந்தவிடத்து அதுவே நம்மைக் கைவிடும். அணுவிசை நுண்ணோக்கி முதலிய கருவிகள் நுண்சட்டத்தின் வளைவைக் கொண்டே அளக்கின்றன. சட்டத்தின் விறைப்பைப் பிழைபட அறியின், அதனால் அளந்த விசையும் பிழையாகுமன்றோ?

ஆதலின், வளைத்துக் கண்ட நீள அளவு, அதே பொருளை முறுக்கிக் காணும்போதும் மாறாது நிற்கின்றதா என்று முதற்கண் ஆராய்க. நிற்குமாயின் அது பொருளின் பண்பு. நில்லாதாயின் நாம் இட்ட ஒட்டு.