பெயர் நம் மண்ணுடையது

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து, உறையூர்ப் பக்கம் திரும்பும்போது, பழஞ்சோழரின் தலைநகருக்குள் நுழைகிறோம் என்ற எண்ணம் நமக்கு எழுவது அரிது. அச்சோழரின் மண்டலமே ஐரோப்பியர் நாவில் 'கோரமண்டல்' ஆயிற்று என்பர்.

திருச்சினாப்பள்ளிச் சங்கிலியும் சுருட்டும் ஆங்கிலேயர் இல்லங்களில் நம் ஊர்ப் பெயரோடு வழங்கின. அவை இங்கேயே செய்யப்பட்டவை, பெயர் பொருந்தும். 'கோரமண்டல் திரை' என்பதோ வேறு கதை. பன்னிரண்டு மடிப்புகள் கொண்ட அந்த அரக்குத் தடுப்புகள் சீனத்தில் 17ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை. நம் கடற்கரைத் துறைமுகங்களின் வழியே கப்பலேறிய ஒரே காரணத்தால் நம் பெயர் அவற்றில் ஒட்டிக்கொண்டது. செய்தவர் பெயர் போயிற்று. வழித்துறையின் பெயர் நின்றது.

அரக்கு என்றதும் முத்திரை வைக்கும் அரக்கை நினைத்தல் வேண்டா. நமது அரக்கு பூச்சி தருவது. சீன, ஜப்பானிய அரக்கு ஒரு மரத்தின் பால். அதனை மெல்லியதாகப் பூசி, ஈரக் காற்றில் இறுகவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசுவார்கள். ஒரு பேழைக்குப் பல மாதங்கள் செல்லும்.

அவ்வளவு உழைப்பையும் ஐரோப்பியத் தச்சர் வாளால் அறுத்தனர்! துண்டுகளைத் தம் பெட்டிகளில் ஒட்டியபோது மனிதரும் மரங்களும் தலைகீழாயின. ஸ்டாக்கர், பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இருவர் 1688இல் வெளியிட்ட நூலில் இதனை எள்ளி நகையாடியுள்ளனர். பிரெஞ்சுக்காரர் கைத்திறம் மிக்கவர். ஜப்பானியப் பேழையின் மேற்பரப்பை மெல்லிய தகடாக உரித்து, வளைந்த இழுப்பறை மேசைமீது பதித்து, ஒட்டிய விளிம்புகளைப் பொன்முலாம் பூசிய வெண்கலப் பூவேலையால் மறைத்தனர். 1737இல் அரசி மரி லெஸ்சின்ஸ்காவுக்குச் செய்த அத்தகைய மேசை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த வெண்கலம் மறைப்பது ஒரு வெட்டுக்காயத்தை அல்லவா?

நம் உள்ளம் அதற்கு முந்திய சிறு சிமிழ் ஒன்றையே நாடுகிறது. முத்துக்குளித்துறையில் மறைபரப்பிய புனித சவேரியார் 1549இல் ஜப்பான் சேர்ந்தார். அவருக்குப்பின் சென்ற சேசு சபைக் குருக்கள், நற்கருணை அப்பம் வைக்கும் வட்டச் சிமிழ்களை அந்நாட்டு அரக்குக் கலைஞரிடமே செய்வித்தனர். கருநிற மூடியில் பொன்தூளும் முத்துச்சிப்பியும்; நடுவே இயேசுவின் திருநாம எழுத்துகள். இதுவும் அயலார் கேட்டுச் செய்ததே. ஆனால் இங்கே எதுவும் அறுபடவில்லை. கேட்டவரின் தேவைக்கு அக்கலைஞரே உரு அமைத்தார்.

1614இல் அந்நாட்டு ஆட்சியாளர் நம் மறையைத் தடை செய்தனர். அதன்பின் அத்தகைய சிமிழ்களுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. எஞ்சிய சில மட்டுமே இன்று அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன.