ஆப்பிளா, பேரிக்காயா, அத்திப்பழமா?

பெண்கள் பத்திரிகைகளைப் புரட்டினால் வருடத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கட்டுரை கண்ணில் படும். "உங்கள் உடல்வாகு எது?" என்று ஒரு கேள்வி, கூடவே நாலு படம். மேலுடம்பு பருமன் என்றால் ஆப்பிள். இடுப்புக்குக் கீழே அகலம் என்றால் பேரிக்காய். மேலும் கீழும் ஒரே அளவு என்றால் செவ்வகம். நடுவில் மட்டும் சிறுத்திருந்தால் மணற்கடிகாரம். எந்தக் கூடையில் விழுகிறீர்களோ, அதற்கேற்ற இந்த சீசன் ட்ரெண்ட் பக்கத்திலேயே போட்டிருக்கும். படிப்பது துணிக்கடை விஷயமா பழக்கடை விஷயமா என்று சந்தேகம் வந்தால் தப்பில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். அத்திப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ('சிட்டிசன்' படத்தில் காணாமல் போகுமே, அந்த அத்திப்பட்டி இல்லை. இது எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில், கும்மிடிப்பூண்டி ரயில் நிற்கிற அத்திப்பட்டு.) இங்கே அவசரத்துக்குத் துணி எடுக்க மீஞ்சூர். கொஞ்சம் பெரிதாக என்றால் ரயிலேறிப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. கல்யாணம் என்றால் தி.நகர். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் போட்டுப் பார்த்து வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா? குர்தியைத் தோளில் வைத்துப் பார்த்து, "எக்ஸ்எல் சரியா இருக்கும்க்கா" என்று கடைப்பெண் சொல்வதை நம்பி வாங்கி வருகிறார்கள். வீட்டில் போட்டால் மார்பு சரியாக இருக்கிறது, தோள் தொங்குகிறது. இல்லையென்றால் தோள் சரி, இடுப்பில் இழுக்கிறது. உடனே வருகிற முடிவு என்ன? "இந்த மாடல் நமக்கு செட் ஆகாது, நம்ம உடம்பு அப்படி." குர்தி பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். அதோடு சேர்ந்து கொஞ்சம் தன்னம்பிக்கையும் போய்விடும்.

தப்பு உடம்பு மேல் இல்லை, அளவு மேல்.

ரெடிமேட் அளவுகள் எப்படி வந்தன என்று பார்த்தால் சிரிப்பு வரும். அமெரிக்காவில் 1939-40இல் அந்நாட்டு வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஆய்வின் அடிப்படையில் 1958இல் ஒரு தரநிலை வெளியானது. அமெரிக்கப் பெண்களுக்கே அது சரிப்படாமல் 1983இல் கைவிட்டார்கள். இந்தியாவில் வெகுகாலம் அப்படி ஓர் ஆய்வுகூடக் கிடையாது. வெளிநாட்டு அட்டவணையைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி, கம்பெனிக்குக் கம்பெனி ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஒரு கடையில் எல், இன்னொரு கடையில் எக்ஸ்எல், மூன்றாவது கடையில் "உங்க சைஸ் இல்லம்மா". வாங்கிய துணிகளில் 20 முதல் 40 சதவீதம் திரும்பி வருவதாகவும், முக்கியக் காரணம் அளவு பொருந்தாததுதான் என்றும் ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் மத்திய ஜவுளித் துறை ஆதரவோடு 'இந்தியா சைஸ்' என்ற ஆய்வை நிஃப்ட் எடுத்தது. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம். நல்ல முயற்சிதான். ஆனால் தேர்ந்தெடுத்த ஆறு நகரங்கள் எவை தெரியுமா? டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். தென்னிந்தியாவுக்கு பெங்களூரு. தரமணியில் நிஃப்ட் வளாகமே இருந்தும் சென்னை பட்டியலில் இல்லை. அத்திப்பட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு கூத்து. 2005இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடல் அளவுகளை ஆராய்ந்தது. 46 சதவீதம் பேர் செவ்வக உடல்வாகு, மணற்கடிகாரம் வெறும் 8 சதவீதம். ஆனால் ஃபேஷன் டிப்ஸ் எல்லாம் என்ன சொல்கின்றன? மீதி 92 பேரும் அந்த 8 பேர் மாதிரி தெரிவது எப்படி என்றுதான். "இடுப்பை மறைக்க", "தொப்பையை மறைக்க", "தோளைக் குறைத்துக் காட்ட"... எல்லாமே மறைக்கிற வேலை. எது பொருந்தும் என்று சொல்ல வந்தவர்கள் எதை ஒளிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்த டிப்ஸ்களும் முழுக்க நம்பகமானவையா என்றால் அதுவும் இல்லை. படுக்கைக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும், நெடுக்குக் கோடு போட்டால் ஒல்லியாகத் தெரியும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே இதற்கு நேர் எதிராக எழுதிவிட்டார். படுக்கைக் கோடுகள் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியுமாம். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சன் இந்த நூற்றாண்டில் பெண்ணுருவப் படங்களை வைத்துச் சோதித்தபோதும், படுக்கைக் கோடு குண்டாகக் காட்டவில்லை என்றே முடிவு வந்தது. ஆகவே பிடித்த கோட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

மறைக்கச் சொல்வது பத்திரிகை நிபுணர்கள் மட்டும் இல்லை. 2015 செப்டம்பரில் 'குமுதம் ரிப்போர்ட்டர்' லெக்கின்ஸ் அணிந்த பெண்களின் படங்களை அட்டையில் போட்டு ஆபாசம் என்று எழுதியது ஞாபகம் இருக்கலாம். பெரிய எதிர்ப்பு கிளம்பியது, கையெழுத்து இயக்கமும் நடந்தது. லெக்கின்ஸைப் பெண்கள் ஏன் விரும்பினார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் எளிது. அது இழுபடும். எந்த இடுப்புக்கும் எந்தத் தொடைக்கும் பொருந்தும். "உங்க சைஸ் இல்லம்மா" என்று சொல்லாத ஒரே கீழாடை அதுதான்!

அடுத்து சீசன். பத்திரிகையில் வருகிற வசந்தம், இலையுதிர்காலம் எல்லாம் எண்ணூர் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. இங்கே வெயில், மழை, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மார்கழி. அவ்வளவுதான். ஜனவரியிலும் இரவில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிற ஊரில் ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட் என்று சொல்வதை என்னவென்பது?

"கோடைக்கு வெள்ளை" என்பது இன்னொரு நிரந்தர டிப்ஸ். அத்திப்பட்டில் 1990களிலிருந்து வடசென்னை அனல் மின் நிலையம் ஓடுகிறது. நிலக்கரித் தூளும் சாம்பலும் பறக்கிற பக்கத்தில், மாடியில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டவர்களுக்குத் தெரியும் அதன் கதி. வெளிர் நிறத்தில் பொடிப் பூப்போட்ட காட்டன் அதே குளிர்ச்சியைத் தரும், தூசியையும் காட்டாது. மழைக்காலத்தில் தரை கூட்டும் பலாஸோவும் அனார்கலியும் வேண்டாம். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் சேறு முழங்கால் வரை ஏறிவிடும். கணுக்காலுக்கு மேல் நிற்கிற பேன்ட், சீக்கிரம் காய்கிற கிரேப் துணி போதும். இது ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் பொது.

அப்படியானால் உடல்வாகைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும், டெய்லர் பார்க்கிற மாதிரி. தெருமுனையில் ஒற்றை மிஷினோடு உட்கார்ந்திருக்கும் டெய்லரக்கா யாரையும் பழம் என்று சொல்வதில்லை. அளவு ஜாக்கெட்டை வாங்கி மடியில் விரித்து, "தோள் இறங்குதா? கை பிடிக்குதா? இதுக்கு முன்னாடி எங்க இழுத்துச்சு?" என்று கேட்பார். அந்த மூன்று கேள்வி நாலு படத்துக்குச் சமம்.

ரெடிமேட் வாங்கும்போதும் அதே கேள்விகள்தான். முதலில் தோள். தோள் சரியாக உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அதைத் திருத்துவதுதான் கஷ்டம். அடுத்து, உடம்பில் அகலமான இடம் எதுவோ அதற்குப் பொருந்துகிற அளவை எடுக்க வேண்டும். ரெடிமேடில் உள்தையலுக்கு விடுகிற துணி ரொம்பக் குறைவு. சைடு பிடித்துக் கொடுக்கலாம், பிரித்துவிட முடியாது. இடுப்பு அகலமானவர்களுக்குக் குர்தியின் சைடு கட் கொஞ்சம் மேலேயே தொடங்கினால் இழுக்காது, ஏ-லைன் என்றால் அந்தப் பிரச்சினையே இல்லை. மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு நேர்வெட்டை விட பிரின்சஸ் கட் நன்றாகப் படியும். குள்ளமானவர்களுக்குப் பெரிய பார்டர் சேலை பாதி உடம்பை விழுங்கிவிடும், சின்ன பார்டர் போதும். யாரையும் மறைக்காமலே இவ்வளவு செய்ய முடிகிறது.

செலவாகுமே என்பார்கள். சும்மா ஒரு கணக்கு. 600 ரூபாய்க் குர்தியை இரண்டு தடவை போட்டுவிட்டு பீரோவில் வைத்தால் ஒரு தடவைக்கு அடக்கவிலை 300 ரூபாய். அதே குர்திக்குத் தையல்கூலி 60 ரூபாய் கொடுத்து 40 தடவை போட்டால் ஒரு தடவைக்குப் பதினாறரை ரூபாய். எது தள்ளுபடி?

ஒன்று மட்டும் கவனம். ரேயான், காட்டன் எதுவானாலும் ஒரு தடவை அலசிக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுக்க வேண்டும், சுருங்கினால் செய்த வேலை வீண். ஆடியில் எடுத்ததை ஆவணியிலேயே கொடுத்துவிடுவதும் நல்லது. தீபாவளி நெருங்கிவிட்டால், "இனிமே பொங்கலுக்குத்தான் கண்ணு" என்று அந்த டெய்லரக்காவே சொல்லிவிடுவார்.