மருந்தும் ஏடும் யார் வீட்டில் இருந்தன?

மருத்துவமும் இலக்கியமும் என்றால் உடனே செகாவ் என்கிறார்கள். ராயப்பேட்டை தெரியாதா? 1907இல் அங்கே 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். குறளுக்கு உரை எழுதியவர். குறள் ஏட்டை ஆரிங்டன் துரை வழியாக எல்லீசிடம் சேர்த்தது தம் பாட்டன் கந்தப்பன் என்று எழுதியவர். நாடி பிடிச்ச கைதான் ஏட்டையும் பிடிச்சது. 1914இல் மறைந்தார். பெருந்தொகுதிகளாக அவர் எழுத்து வர 1999 ஆச்சு. அதுவரை இலக்கிய வரலாறு எழுதினவங்களுக்குக் கண்ணா தெரியல?

இன்னிக்கும் சிறுமலையில் பச்சிலை பறித்துவரும் சேரிக் கிழவர் 'படிக்காத ஆளு'. சித்தர்கள் மருந்தைப் பாட்டாகத்தானே வைத்தார்கள்? அவர் வாயிலிருக்கும் மருந்துப் பாட்டை அவர் பேரோடு அச்சில் போடுங்கள். செகாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.