கம்பு கேட்கும் முன் கவசம் கேளுங்கள்

மாணவ நண்பர்களே! "நான் சிலம்பம் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "படிக்கிற பிள்ளைக்கு அடிதடி எதற்கு?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதையே பள்ளித் தோழர்களிடம் சொன்னால், திரைப்படக் கதாநாயகன் ஒரே கம்பால் பத்துப் பேரை வீழ்த்திய காட்சியை நினைவூட்டுவார்கள். பெரியவர்களுக்கு அது அடிதடி. தோழர்களுக்கு அது சாகசம். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. சிலம்பமும் வாள்வீச்சும் உடலுக்குப் பயிற்சி, அறிவுக்கு ஆய்வுக்கூடம். பொழுதுபோக்காக நீங்கள் தாராளமாகக் கற்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் கம்பைப் பார்ப்போம். 1.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றுங்கள். எளிதாகச் சுழலும். ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றுங்கள். கை கனக்கும். கம்பின் நிறை மாறவில்லையே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? சுழல்வதை எதிர்க்கும் பண்புக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். நிறை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது அது. சீரான கம்பை முனையில் பிடித்தால், நடுவில் பிடிப்பதைவிட அது நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. சிலம்ப ஆசான் பிடியை மாற்றி மாற்றிக் காட்டுவது அழகுக்காக மட்டுமல்ல. விரைவு வேண்டும்போது ஒரு பிடி, எட்டிப் பாய வேண்டும்போது வேறு பிடி.

இன்னொன்று. நடுவில் பிடித்த அதே கம்பு வினாடிக்கு மூன்று சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். அதன் நுனியின் வேகம் என்ன? ஆரம் 0.75 மீட்டர். கணக்கிட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வரும். நெடுஞ்சாலையில் செல்லும் ஒரு பேருந்தின் வேகம், உங்கள் கம்பின் நுனியில்!

இப்போது உங்கள் கண்ணையும் கையையும் சோதியுங்கள். நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் கீழே விடட்டும். உங்கள் விரல்கள் சுழியக் கோட்டருகே காத்திருக்கட்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தீர்களானால், நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. அந்த நேரத்தில் கம்பின் நுனி 2.8 மீட்டர் கடந்துவிடும். கம்பின் நீளத்தையே தாண்டிய தூரம் இது! ஆகவே நுனியைப் பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். எதிரே நிற்பவரின் தோளையும் காலையும் பார்த்து, அடி புறப்படும் முன்பே இடம் மாற வேண்டும். சிலம்பத்தில் கம்பைத் தொடும் முன் காலடிப் பாடம் சொல்லித் தருவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இவ்வளவு அறிவு இருக்கும் கலையில் நான் கண்ட குறை ஒன்று. பள்ளி நாளில் நானும் கம்பு சுற்றினேன். இருவர் எதிரெதிரே நின்று பயிலும்போது தலைக்கவசம் கிடையாது. கேட்கவும் கூச்சம். கேட்டால், "பயந்தவனுக்குச் சிலம்பம் எதற்கு?" என்பார்கள். ஒரு மாலையில் தோழனின் கம்பு என் புருவத்தின் மேல் பட்டது. ஐந்து தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் ஒரு கண்ணோடுதான் இன்று எழுதிக்கொண்டிருப்பேன். தோழன் அடித்தது தவறான அடியல்ல. நான் விலகியது தாமதம். 0.2 வினாடிக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது.

"தேர்ந்தவனுக்குக் கவசம் தேவையில்லை" என்பவர்கள் ஒரு நிகழ்ச்சியை அறிய வேண்டும். 1982 ஜூலையில் ரோம் நகரில் வாள்வீச்சு உலகப் போட்டி நடந்தது. சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் அதில் ஆடினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றவர் அவர். ஆட்டத்தின் நடுவில் எதிராளியின் வாள் முறிந்தது. முறிந்த அலகு முகமூடியின் கம்பிவலையைத் துளைத்துக் கண் வழியே மூளையைத் தாக்கியது. சில நாட்களில் ஸ்மிர்னோவ் இறந்தார். அவரைவிடத் தேர்ந்தவர் யார்? எதிராளி மீதும் குற்றமில்லை. முகமூடி இருந்தும் அது போதவில்லை.

வாள் ஏன் முறிந்தது? குடைக்கம்பித் துண்டு ஒன்றை முன்னும் பின்னும் பல முறை வளைத்துப் பாருங்கள். திடீரென்று ஒடியும். ஒவ்வொரு வளைவிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிறிது சிறிதாக வளர்வதே காரணம். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ஒவ்வொரு குத்திலும் வளையும் வாளுக்கும் இதே கதிதான்.

அந்த மரணத்துக்குப்பின் வாள்வீச்சு உலகம் விதியை நொந்துகொண்டு உட்காரவில்லை, பொறியியலிடம் போயிற்று. முகமூடியின் வலை வலுப்படுத்தப்பட்டது. உலகப் போட்டிகளில் அணியும் உடுப்பு 800 நியூட்டன் குத்துவிசையைத் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. வாளுக்கு மாரேஜிங் எஃகு வந்தது. கரி மிகக் குறைவாகவும் நிக்கல் ஏறத்தாழ 18 விழுக்காடும் கொண்ட இந்த எஃகில் வெடிப்பு மிக மெதுவாகவே பரவும். நம் நாட்டின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் நிலைக் கூடு செய்யப்படுவதும் இந்த வகை எஃகால்தான்.

"நம் முன்னோர் கவசம் அணிந்தா சிலம்பம் ஆடினார்கள்?" என்று சிலர் கேட்கலாம். முன்னோர் அம்மைக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக நாம் போடாமல் இருக்கிறோமா? கலையை மதிப்பது வேறு. அதன் காயங்களையும் சேர்த்துப் போற்றுவது வேறு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. தெருவிலிருந்து அரங்குக்கு வரும் கலை, அரங்கின் ஒழுங்கையும் ஏற்க வேண்டாமா?

"கவசம் வாங்கப் பணம்?" என்பது நியாயமான கேள்வி. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி பள்ளியில் வாள்வீச்சுத் தொடங்கியபோது, வாள் விலை அதிகம் என்பதால் மூங்கில் குச்சிகளால் பயின்றார். அவர்தான் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடி, ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியரானார். வாளுக்குப் பதில் மூங்கில் போதும். ஆனால் கண்ணுக்குப் பதிலாக எதை வைப்பது? எதிரெதிரே பயிலும் இருவருக்கு மட்டுமே ஒரு நேரத்தில் கவசம் தேவை. ஆகவே இருபது பேர் பயிலும் இடத்துக்கு இரண்டு தலைக்கவசங்கள் இருந்தாலே தொடங்கிவிடலாம். காசு சேர்த்து வாங்குங்கள். முறை வைத்து அணியுங்கள்.

ஆகவே நண்பர்களே, கற்கச் செல்லும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிராடும்போது முகத்தை மறைக்கும் கவசம் உண்டா? கம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கிறார்களா? பயிற்சி பெறாதவர் கையில் கூர்வாளும் தீப்பந்தமும் தராமல் இருக்கிறார்களா? பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். நல்ல ஆசான் கோபிக்க மாட்டார்.

கடைசியாக ஒரு சோதனை. 30 செ.மீ. அளவுகோலை அதன் முனைத் துளையில் ஆணியிட்டுத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் 20 செ.மீ. நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சிறிது ஆட்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும்! கோலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் இருக்கும் அந்த இடமே தாக்கு மையம். முனையில் பிடித்த கம்பு அந்த இடத்தில் அடித்தால் கை அதிராது. 1.5 மீட்டர்க் கம்பில் அது எங்கே இருக்கும்? கணக்கிட்டுக் குறித்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். தலைக்கவசத்தை மறக்க வேண்டாம்.