வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா?

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம். சர்க்கரை என்கூட சேர்ந்து பதினோரு வருஷம்.

போன மாசம் எங்க கிளை ஹெட் கேஷியர், அவரும் பழைய சர்க்கரைக்காரர், காலையிலிருந்தே வியர்வை, லேசா மூச்சு வாங்குதுன்னார். கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுட்டு, சாயங்காலம் கேஷ் டாலி பண்ணிட்டுத்தான் கிளம்பினார். நெஞ்சு வலி துளியும் இல்லை. மறுநாள் ஈசிஜி எடுத்தா ஹார்ட் அட்டாக்! நல்லவேளை, பிழைச்சுட்டார்.

பல வருஷ சர்க்கரை கால் நரம்பை மட்டும் கெடுக்கறதில்லைங்க. இதயத்தை இயக்கற நரம்புகளையும் அரிச்சுடும். அப்புறம் அட்டாக் வந்தாலும் வலி தெரியாம போகலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டலாம். எழுந்து நின்னா பிபி இறங்கித் தலை சுத்தலாம்.

என் ஆதங்கம் இதுதான். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கட்டி மாஸ்டர் செக்கப் பண்ணிக்கறேன். படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு 3 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பிபி பார்க்க இதுவரை எனக்கு யாரும் முன்வந்ததில்லை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைஞ்சா கவனிக்கணும். தனியா செலவே இல்லாத சோதனை! நிமிஷத்துக்கு 6 தடவை ஆழமா மூச்சு விடச் சொல்லி ஈசிஜியில் நாடி ஏறி இறங்கறதைப் பார்க்கற முறையும் 1970-களிலேயே வந்தாச்சு.

இந்தத் தடவை நானே கேட்டு வாங்கினேன். மேல் அளவு 14 குறைஞ்சது. இப்போதைக்கு எல்லைக்குள்ள.

நீங்களும் கூச்சப்படாம கேளுங்க. ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லுங்க.