பின் கானை வெட்டாமல் சுவருக்குச் சீமெந்து பூசி என்ன பயன்?

மே மாதம் பிறந்துவிட்டால் நமது தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் ஒரு முறைப்பாடு தவறாமல் வரும். "காம்பராச் சுவர் ஊறிக் கிடக்கு தலைவரே, புள்ளைங்க படுக்க ஏலாது." தலைவர் எழுதிக்கொள்வார். கடிதம் ஆபீசுக்குப் போகும். சில வருசம் ஒன்றும் வராது. சில வருசம் லயத்துக்கு நாலு மூட்டை சீமெந்து வரும், அதுவும் தேர்தல் கிட்டிய நேரமாக இருந்தால் சீக்கிரம் வரும். பூசுவோம், சுண்ணாம்பு அடிப்போம், தீபாவளிக்குச் சுவர் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்கு அந்தப் பூச்சு உப்பி, பலகை பலகையாகக் கழன்று விழும். மறுபடியும் கூட்டம், மறுபடியும் கடிதம்.

இதில் நமது சங்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். சீமெந்து கேட்டோம், தகரம் கேட்டோம், பெயின்ட் கூடக் கேட்டோம். அந்தத் தண்ணீர் எந்த வழியாகச் சுவருக்குள் வருகிறது என்று ஒரு நாளும் லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காததால், "நீங்கள் உள்ளே அடுப்பெரித்து, உள்ளேயே ஈர உடுப்பும் காயப்போடுகிறீர்கள், அதனால்தான் சுவர் வேர்க்கிறது" என்று நிர்வாகம் சொன்னபோது நம்மிடம் பதில் இருக்கவில்லை.

நமது இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லாத இடம். இரத்தினபுரி நகரத்தில் மட்டும் வருசத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை பிடித்துக்கொள்ளும். இந்த மழைக்குள் நிற்கும் லயங்களில் பல வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, கருங்கல்லை மண்ணோடும் சுண்ணாம்போடும் சேர்த்து எழுப்பிய தடித்த சுவர். இன்று வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்துக்கு மேலே, சுவர் தொடங்கும் இடத்தில் ஈரம் ஏறாதபடி தாரோ பொலித்தீனோ போட்டு ஒரு தடுப்பு வைக்கிறார்கள். பழைய லயச் சுவருக்கு அது கிடையாது. மண் நனைந்தால் கல்லுக்கிடையில் இருக்கும் சாந்து, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை மேலே இழுக்கும்.

அதற்கு மேல் இன்னொரு கோளாறு. லயத்தைச் சரிவை வெட்டித்தான் கட்டினார்கள். முன்பக்கம் இஸ்தோப்பும் முற்றமும், பின்பக்கம் மண்மேடு. கட்டிய காலத்தில் மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கான் இருந்திருக்கும். மேட்டு மண் கரைந்து கரைந்து அதிலே விழ, நாமும் அடுப்புச் சாம்பலையும் குப்பையையும் கொட்ட, பிறகு அந்த இடத்திலேயே நாலு வாழையும் சேம்பும் நட, கான் இருந்த அடையாளமே தெரியாமல் போய்விட்டது. வெளியே மண்ணின் மட்டம் உள்ளே காம்பராத் தரையைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும் லயங்கள் நம்மிடம் எத்தனையோ. மழைத் தண்ணீர் மேட்டால் இறங்கி வந்து போக வழியில்லாமல் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. உள்ளே எத்தனை தரம் சீமெந்து பூசினாலும் வெளியே குளம் நிற்கும்போது என்ன நடக்கும்?

கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் ஆறு காம்பரா லயத்தைப் போய்ப் பார்த்தோம். பெயர் வேண்டாம். பின் சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துக் கிடந்தது. பிள்ளைகளின் கொப்பிகள் அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்திருந்தன. ஒரு சின்னப் பிள்ளைக்கு மழை தொடங்கினால் இழுப்பு வரும் என்று தாய் சொன்னார். ஈரப் பூஞ்சணம் இழுப்பைக் கூட்டும் என்பது எந்த டொக்டரும் சொல்லும் விசயம். முன்பு கொடுத்த சீமெந்துப் பூச்சு அரைவாசி விழுந்திருந்தது. அந்த லயத்து ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு பின்பக்கம் இறங்கினார்கள். தரை மட்டத்துக்கும் கீழே அரையடி வரை தோண்டி, ஒரு பக்கமாக வாட்டம் வைத்து, லயக் கோடியில் பெரிய கானோடு சேர்த்துவிட்டார்கள். அந்த மழைக் காலத்திலேயே நாலு காம்பராவில் கறை மேலே ஏறவில்லை. மற்ற இரண்டில் மாற்றமில்லை. அங்கே வேறு காரணம் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறோம்.

தேயிலை மலையில் கான் வெட்ட நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வேர் அழுகக்கூடாது, மண் அரிக்கக்கூடாது என்று வருசா வருசம் கான் வெட்டுகிறோம், சுத்தம் செய்கிறோம், அதற்குப் பேர் போடுகிறார்கள். இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பட்டையில் மழைத் தண்ணீர் இறங்கக்கூடாதென்று மரத்துக்கு மரம் தார் பூசிப் பொலித்தீன் பாவாடை கட்டுகிறோம். தேயிலைக்கும் இறப்பருக்கும் உள்ள இந்தக் கவனிப்பு, அவற்றில் உழைக்கிற சனம் படுத்தெழும்பும் சுவருக்கு ஏன் இல்லை என்று கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மழை பெய்த அன்று பாருங்கள், நாலு நாள் வெயிலடித்த பிறகும் பாருங்கள். மழையோடு கூடி வெயிலோடு சுருங்கினால் தண்ணீர் கூரையாலோ சுவர் வெடிப்பாலோ வருகிறது. மழை விட்டும் கன நாளைக்கு அசையாமல், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஒரே மட்டமாக நின்று, மேல் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். பின் சுவரில் மட்டும், மேடு தொடும் உயரம் வரைக்கும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், மண்வெட்டியை எடுக்கலாம்.

சுவர் வேர்க்கிறது என்று நிர்வாகம் சொல்வதைச் சோதிக்கவும் வழி உண்டு. ஒரு சதுர அடி பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கம், அதாவது நாம் பார்க்கும் பக்கம் நனைந்திருந்தால் அது காம்பராவுக்குள் இருக்கும் ஆவி. சுவரைத் தொடும் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஆவி குளிர்ந்த சுவரில்தான் தண்ணீராக மாறும். நுவரெலியாப் பக்கம் அது பெரிய தொல்லை. பலாங்கொடைக்கு மேலே உள்ள உயர்ந்த டிவிசன்களிலும் இருக்கலாம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பக்கத்துப் புழுக்கத்தில் சுவர் அந்தளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே அங்கே அந்தக் காரணத்தைச் சொன்னால் நாம் சும்மா தலையாட்டி வரத் தேவையில்லை. ஆவிதான் காரணம் என்று தெரிந்தால் அதை ஒப்புக்கொண்டு, சமைக்கும்போது சன்னலைத் திறந்து, உடுப்பை இஸ்தோப்பில் காயப்போடுவோம். சன்னல் இல்லாத காம்பராவில் எதைத் திறப்பது என்ற கேள்வியையும் அப்படியே நிர்வாகத்திடம் கேட்போம்.

இனி அந்த இரண்டு காம்பரா. அங்கே ஈரம் மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. குடும்பம் பெருக, பின்பக்கம் தகரம் சாய்த்துக் குசினி இறக்கியிருந்தார்கள். நம்மில் பாதிப்பேர் செய்ததுதான். அந்தத் தகரம் லயச் சுவரோடு சேரும் இடத்தில் ஒரு விரல் இடைவெளி. பெரிய கூரையில் விழும் தண்ணீர் முழுவதும் அந்த இடைவெளியால் சுவருக்குள் போனது. சேரும் இடத்தின் மேலே தகரத் துண்டொன்றை மடித்துச் சுவரில் செருகி, தாரால் அடைத்த பிறகு நின்றது. ஆணித் துவாரங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வெயில் நாளில் ஒருவர் மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் இடம் தெரியும். ஏணியில் நின்றே ஊற்றுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டின் மேல் கால் வைத்தால் அது உடைந்து ஆளோடு கீழே வரும். அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டவும் வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கெடுதி.

சீமெந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கேட்டு வாங்கியவர்கள் நாம். கல்லும் மண்ணும் சுண்ணாம்புமான சுவர், உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டு ஆறும் சுவர். அதன் மேல் கட்டியான சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேலே வெளிப்படும், அல்லது பூச்சையே தள்ளிவிடும். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம். அவசரமும் கூடாது. தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகு, சுவர் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்று மேசன்மார் கணக்குச் சொல்வார்கள். நமது லயச் சுவரின் தடிப்புக்கு அது ஒரு வருசத்தையும் தாண்டும். கான் வெட்டிய அடுத்த கிழமை சுவர் காயவில்லையே என்று மனம் விட வேண்டாம்.

இவ்வளவும் நாமே செய்வதென்றால் நிர்வாகம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காணி அரசாங்கத்தினது. 1992 இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. லயத்துக்கு நம்மிடம் உறுதி இல்லை. பின்னால் ஒரு குசினி இறக்கினால் "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்று கேட்பவர்கள், அதே சுவர் ஒழுகும்போது "உன் வீடு, நீ பார்" என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். பிரதேச சபையும் முன்பு கைவிரித்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே லயக் கானைப் பெரிய கானோடு சேர்க்கும் வேலையைப் பிரதேச சபை உறுப்பினரிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஒரு விசயத்தில் மட்டும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மேடு உயரமாகவும் செங்குத்தாகவும் இருந்தால் அதன் அடியை வெட்டக்கூடாது. நிரம்பிய மண்ணை அள்ளலாம், மேட்டைச் செதுக்கக்கூடாது. சுவரில் ஈரத்தோடு புதிதாக வெடிப்புக் கண்டால், கதவு திடீரென்று இறுகினால், மேட்டில் இல்லாத ஊற்றுக் கிளம்பினால், வருகிற தண்ணீர் சேறாக மாறினால், மரம் சாய்ந்தால், அது சுவர்ப் பிரச்சினை அல்ல. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை இறங்கிய அதே நாட்களில், புளத்கொஹுப்பிட்டிய களுப்பான தோட்டத்தில் லயத்தின் மேல் மண் சரிந்து நமது சனம் மாண்டதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த அடையாளங்களைக் கண்டால் பிள்ளைகளோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்த்து எழுத்தில் கொடுக்கும்வரை திரும்பிப் போகாதீர்கள். தோட்ட ஆபீசில் அளக்கும் மழைக் கணக்கும் பெரட்டுக்களத்தில் எழுதிப் போடப்பட வேண்டும். கொழுந்துக் கணக்குக்கு உதவுகிற அந்த அளவு, லயத்தில் படுப்பவர்களுக்கும் தெரியட்டும்.

இந்த வருசம் கமிட்டிகள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய கோரிக்கை இதுதான். மே மழைக்கு முன்னும் ஒக்டோபர் மழைக்கு முன்னும், வருசத்துக்கு இரண்டு தரம், ஒவ்வொரு லயத்தின் பின் கானும் வெட்டிச் சுத்தம் செய்யப்பட வேண்டும். அது தோட்ட வேலையாகக் கணக்கெடுத்து, செய்தவருக்குப் பேர் போடப்பட வேண்டும். சீமெந்து மூட்டையைப் பற்றிப் பிறகு பேசலாம். கடிதத்தோடு, எந்தக் காம்பரா, எந்தச் சுவர், கறை எத்தனை அடி, எந்தத் தேதியில் அளந்தது என்று ஒரு பட்டியலையும் மாதர் தலைவிமார் சேர்த்துக் கொடுக்கட்டும். நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். பென்சில் கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடாமல் வைத்திருங்கள், ஆபீசிலிருந்து பார்க்க வருகிறவருக்குக் காட்ட வேண்டும்.