மாத்திரைச் சீட்டோடு முடிவதல்ல சர்க்கரை சிகிச்சை

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அந்த எண் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அதே ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டு தந்த ஒரு கணக்கு அதைவிடக் கவலை தருவது. நோய் இருப்பது தெரிந்தவர்களில் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.7 சதவீதம்தான். மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எல்லா மருத்துவ வழிகாட்டுநெறிகளும் சொல்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் அல்புமின், பாத உணர்ச்சி ஆகியவற்றைச் சோதிக்கவும் சொல்கின்றன. நடைமுறையிலோ வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து, பழைய மாத்திரையையே மறுபடி எழுதிக் கொடுப்பதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

நெறிப்படி சிகிச்சை தந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு வலுவான சான்று. சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்கியிருந்த 160 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குச் சிறப்பு மையத்தில் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, புகைப்பழக்கம் அனைத்துக்கும் இலக்கு வைத்துச் சிகிச்சை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் இரண்டாம் குழுவில் இதய, ரத்தநாள நோய்கள் பாதியாகக் குறைந்தன. அதன்பின் இரு குழுவினருக்கும் ஒரே தீவிர சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டும், 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதலிலேயே அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 ஆண்டுகள் கூடியிருந்தது. தாமதத்தால் இழந்ததைப் பின்னால் முழுதாக ஈடுகட்ட முடியவில்லை. இன்றைய விலையுயர்ந்த புதிய மருந்துகள் எதுவும் இல்லாமல் தொடங்கிய ஆய்வு அது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் நிபுணரிடம்தான் போக வேண்டுமா? பத்துக் கோடிப் பேரைப் பார்க்க நிபுணர்கள் இல்லை. தவிர, நிபுணரின் பெயர்ப்பலகை மட்டுமே நோயைக் கட்டுப்படுத்திவிடாது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள பத்துச் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் நடந்த கார்ஸ் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. நோய் கட்டுக்கு அடங்காத 1,146 பேர் அதில் பங்கேற்றார்கள். அந்த மருத்துவமனைகளிலேயே வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சர்க்கரையோடு அழுத்தமோ கொழுப்போ இலக்கை எட்டியவர்கள் சுமார் 8 சதவீதம். நோயாளியைத் தொடர்ந்து அழைத்துப் பேச மருத்துவரல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளரையும், நெறிப்படி அடுத்த அடியை மருத்துவருக்கு நினைவூட்டும் கணினிப் பதிவையும் சேர்த்த குழுவில் அது 18 சதவீதமானது. இன்னும் போதாதுதான். ஆனால் நெறியை மறக்கவிடாத ஏற்பாடு ஒன்றுதான் அந்த இரட்டிப்பைத் தந்தது.

ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதம், அச்சடித்த நெறி எப்படிப் பொருந்தும் என்று அனுபவமுள்ள மருத்துவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வட அமெரிக்காவில் நடந்த அக்கார்ட் ஆய்வில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6 சதவீதத்துக்கும் கீழே இறக்க முயன்றபோது மரணங்கள் கூடின. 2008இல் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டி வந்தது. அந்தப் பாடத்தை நெறிகள் எழுதி வைத்துக்கொண்டன. முதியவர்களுக்கும், சர்க்கரை திடீரென இறங்கும் அபாயம் உள்ளவர்களுக்கும் இலக்கைத் தளர்த்தச் சொல்பவை இன்று அவையேதான். அனுபவத்தின் இடம் அந்த இலக்கைத் தீர்மானிப்பதில் இருக்கிறது. பாதத்தைப் பார்க்காமல் அனுப்புவதற்கு அனுபவத்தைக் காரணம் காட்ட முடியாது. செலவைச் சொல்லியும் தப்ப முடியாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் கொழுப்புக்கான ஸ்டாட்டினும் அழுத்த மாத்திரையும் மலிவானவை. குடும்பத்தைக் கடனில் தள்ளுவது டயாலிசிஸ்தான்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் தமிழ்நாட்டில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கார்ஸ் ஒருங்கிணைப்பாளர் செய்த வேலையைச் செய்யக்கூடிய ஊழியர்கள் அதில் ஏற்கெனவே இருக்கிறார்கள். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேருக்கு மூன்று அளவும் கட்டுக்குள் வந்தன, எத்தனை பேருக்குக் கண், சிறுநீர், பாதச் சோதனை நடந்தது என்பதையும் மாவட்டவாரியாக அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இலக்கை எட்டாதவர்களையும், சிறுநீரகமோ விழித்திரையோ பழுதாகத் தொடங்கியவர்களையும் தாமதமின்றி நிபுணரிடம் அனுப்ப வேண்டும். நோயாளிகளும் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்தச் சோதனைகளைக் கடைசியாக எப்போது செய்தோம் என்று தயங்காமல் கேட்க வேண்டும்.